பெரிய ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம்

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணி பன்னிரண்டே முக்கால். இவ்வளவு நேரம் மெல்லிசைக் குழுவினர் பாடி, நரைத்த தலைகளையெல்லாம் எழுந்து ஆட வைத்துவிட்டு இப்போதுதான் மேடையை விட்டு இறங்கினார்கள். பின்பக்கம் பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்கிறது. சாம்பார் வாசனை மூன்றாவது வரிசை வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பாட்டுக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் நடுவில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இது தானாக நேர்ந்ததா, யாராவது திட்டம் போட்டுச் செய்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரைக்கும் தயவுசெய்து எழுந்து போகாதீர்கள்.

மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி எதையாவது பேசுங்கள் என்றார் செயலாளர். ரெஸ்லிங் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! 'மல்யுத்த வீரரா நீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லையே' என்று என் தோள்பட்டையை ஒரு பார்வை பார்த்தார். இல்லை ஐயா. நான் வாழ்நாளில் யாரையும் தூக்கிப் போட்டதில்லை. நம் விடுதி டிவி அறையில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். கேபிள் வந்த புதிது அது. டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்று அப்போது பெயர், 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.இ என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த டிரம்ப் கார்டுகள் ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று அச்சடித்த சீட்டுகள். ஹால் டிக்கெட்டைத் தொலைத்தவன்கூட அண்டர்டேக்கர் சீட்டைத் தொலைத்ததில்லை.

'எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுச் செய்யறதுதானே' என்று வார்டன் அடிக்கடி சொல்வார். உண்மைதான். அதை அந்த நிறுவனமே 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு என்றால் அரசுக் கட்டுப்பாடு வரும், வரி வரும். பொழுதுபோக்கு என்றால் வராது. அதற்காக உண்மையைச் சொன்னார்கள்! ஆக, யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. ஆனால் முன்கூட்டியே பேசி வைக்க முடியாத ஒன்று அங்கே உண்டு. அது கூட்டம். ஒரு அரங்கத்துக்கு வந்த ஜனங்களுக்கு இத்தனை மணி நேரம் கத்துகிற சக்திதான் இருக்கும். அதை எந்த ஆட்டத்தில் எவ்வளவு செலவழிக்க வைப்பது என்பதுதான் ஆட்டங்களை வரிசைப்படுத்துகிறவரின் வேலை. அவரை அங்கே புக்கர் என்பார்கள். அன்றைக்கு நடக்கும் ஆட்டங்களின் பட்டியலுக்குப் பெயர் கார்டு.

சாதாரணமாக ஒரு கார்டு எப்படிப் போடுவார்கள் என்று கேட்டால், முதல் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும், பெரும்பாலும் நல்லவன் ஜெயிக்க வேண்டும். ஜனங்கள் அப்போதுதான் சோளப்பொரி பொட்டலத்தோடு இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களைக் கைதட்ட வைத்துப் பழக்கிவிட வேண்டும். 1985 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரெஸில்மேனியா நடந்தபோது, அன்றைக்குப் பெரிய கவர்ச்சி ஹல்க் ஹோகனும் நடிகர் மிஸ்டர் டி-யும்தான். ஆனால் காட்சியைத் திறந்து வைத்தவர் டிட்டோ சந்தானா. எந்தச் சூழ்நிலையிலும் சொதப்பாத, ஜனங்களுக்குப் பிடித்த, வேகமான ஆட்டக்காரர். முகமூடி போட்ட ஒருவரை ஜெயித்துவிட்டுப் போனார். அதற்குள் அரங்கம் சூடாகிவிட்டது. கல்லூரி விழாவில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து ஒரு குழு நடனம் வைக்கிறோம் அல்லவா, அந்தக் கணக்கு.

அடுத்தது, ஒரே மாதிரி ஆட்டத்தை ஒட்டி ஒட்டி வைக்கக் கூடாது. ராட்சதர்கள் இரண்டு பேர் மோதினால் அடுத்து குட்டையான, தாவிப் பறக்கிற இரண்டு பேர். கடைசி ஆட்டத்தில் நாற்காலியால் அடிக்கப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்னால் யாரும் நாற்காலியைத் தொடக் கூடாது என்று மேடைக்குப் பின்னால் சொல்லி வைப்பார்கள். ஆட்டம் முடிகிற விதத்திலும் அப்படித்தான். வெளியிலிருந்து ஒருவன் புகுந்து கெடுத்து ஒரு ஆட்டம் முடிந்தால், அடுத்த ஆட்டமும் அப்படி முடியக் கூடாது. முடிந்தால் ஜனங்கள் 'அட போங்கப்பா' என்று சலித்துக்கொள்வார்கள். பிறகு மூன்றாவது ஆட்டம் எவ்வளவு நேர்மையாக முடிந்தாலும் நம்ப மாட்டார்கள்.

இதைவிடச் சின்ன விஷயங்களும் உண்டு. ஊர் ஊராகப் போகிற காட்சிகளில் நடுவில் இடைவேளை விடுவார்கள். கூண்டு வைத்துச் சண்டை என்றால் அந்த இடைவேளையில்தான் கூண்டை மாட்ட முடியும். இடைவேளைக்கு முந்தைய ஆட்டம் ஜனங்கள் வெளியே போய்ப் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். பனியன் விற்கிற இடமும் அங்கேதானே இருக்கிறது! மேடிசன் ஸ்கொயரில் மாதாமாதம் காட்சி நடந்த அந்தக் காலத்தில், பட்டத்துக்கான பெரிய ஆட்டத்தைக் கடைசிக்கு விடாமல் நடுவிலேயே முடித்து, அடுத்த மாதம் மறு ஆட்டம் என்று அறிவித்துவிடுவதும் உண்டு. டிக்கெட் விற்கணுமே சார்.

வரிசையையே கதையாக்கிய ஒரு கார்டைச் சொல்கிறேன். 1994 மார்ச் 20, அதே மேடிசன் ஸ்கொயர், பத்தாவது ரெஸில்மேனியா. முதல் ஆட்டமே அண்ணன் தம்பி சண்டை. பிரெட் ஹார்ட், ஓவன் ஹார்ட். தம்பிக்கு அண்ணன் நிழலிலேயே வாழ்கிறோமே என்று வயிற்றெரிச்சல். இருபது நிமிடம் அடித்துக்கொண்டார்கள். தம்பி ஜெயித்துவிட்டான். அண்ணனுக்கு அன்றைக்கே கடைசி ஆட்டமும் இருந்தது. யோகோசூனா என்ற மலை போன்ற ஆசாமியோடு பட்டத்துக்கான ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்று, காலை நொண்டிக்கொண்டு போன பிரெட், கடைசி ஆட்டத்தில் ஜெயித்து உலகச் சாம்பியன் ஆகிறார். சக வீரர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். அப்போது நடைபாதையில் ஓவன் வந்து நின்று பார்க்கிறான், பாருங்கள்! 'நான் ஜெயித்தவனைத்தானே நீங்கள் தூக்கி வைத்திருக்கிறீர்கள்?' வாயால் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் இது கிடையாது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனதால்தான் அந்தத் தோல்வி நம் மனதுக்குள் ஊறியது. விடுதியில் அதை நாங்கள் பின்னால் எப்போதோதான் பார்த்தோம். பார்த்துவிட்டு, தம்பி இருக்கிற பையன்கள் ஒரு பக்கமும் அண்ணன் இருக்கிறவர்கள் ஒரு பக்கமுமாக நின்று ராத்திரி முழுக்க விவாதம்.

அதே நாளில் ஷான் மைக்கேல்ஸும் ரேஸர் ரமோனும் ஏணி வைத்து ஆடிய ஆட்டம் நீண்டுபோய், பத்துப் பேர் ஆட வேண்டிய ஒரு ஆட்டம் நேரமில்லாமல் கைவிடப்பட்டது. பத்துப் பேர் உடை மாற்றி, எண்ணெய் பூசி, தயாராக நின்றிருப்பார்கள். சரித்திரத்தில் ஏணி ஆட்டம் நிற்கிறது. அந்தப் பத்துப் பேரை யார் கேட்டார்கள்? நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான்.

பெரிய ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் யாரைப் போடுவது?

1987 மார்ச் 29. பான்டியாக் சில்வர்டோம், மிச்சிகன் மாநிலம். மூன்றாவது ரெஸில்மேனியா. 93,173 பேர் வந்தார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கை சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது, அதை விடுங்கள். மொத்தம் 12 ஆட்டங்கள். கடைசி ஆட்டம் ஹோகன், ஆன்ட்ரே தி ஜயன்ட். அந்த மலையை ஹோகன் தூக்கிப் போட்ட காட்சி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைய மிகச் சிறந்த ஆட்டம் அது கிடையாது. ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியதுதான். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒத்திகை பார்த்த ஆட்டம். அதை ஒன்பதாவதாக வைத்தார்கள். உடனே ஹோகனைக் கொண்டுவந்திருந்தால் ஆன்ட்ரேயின் மெதுவான ஆட்டம் அம்பேல் ஆகியிருக்கும். நடுவில் இரண்டு ஆட்டங்களைப் போட்டார்கள். ஒன்றில் ஜேக் ராபர்ட்ஸ் பாம்போடு வந்தார், துணைக்கு ஆலிஸ் கூப்பர் என்ற ராக் பாடகர்! இன்னொன்று இரும்பு ஷேக் கோஷ்டியின் சத்தமும் கூச்சலும். யாரும் அந்த ஆட்டங்களை ஓஹோ என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஜனங்கள் சிரித்தார்கள், கொஞ்சம் கத்தினார்கள், மூச்சு வாங்கினார்கள். சாம்பாருக்கும் பாயசத்துக்கும் நடுவில் ரசம் ஊற்றுகிறோம். ரசத்தை யாரும் இட்டு நிரப்புகிற சமாச்சாரம் என்று சொல்வதில்லை. அது வேறு ருசி. அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் அந்த மரியாதை இருந்தது.

இப்போது 2002-க்கு வருவோம். மார்ச் 17, கனடாவின் டொரான்டோ, ஸ்கைடோம் அரங்கம். 68,237 பேர். ஒரு பக்கம் தி ராக், வயது 29. இன்னொரு பக்கம், 2025-இல் காலமான ஹோகன், அப்போது வயது 48. கதைப்படி ஹோகன் வில்லன். ஜனங்கள் அவரைத் திட்ட வேண்டும். ஆனால் மணி அடித்த நிமிடத்திலிருந்து அந்தக் கூட்டம் முழுவதும் ஹோகனுக்காகக் கத்துகிறது. சின்ன வயதில் பார்த்தவன் திரும்பி வந்திருக்கிறான் என்ற பாசம். ராக்கும் ஹோகனும் மேடையிலேயே அதைப் புரிந்துகொண்டு ஆட்டத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பேசி வைக்க முடியாத ஒன்று உண்டு என்றேனே, அது இதுதான். ஆட்டம் முடியும்போது அந்த 68,000 பேருக்கும் தொண்டை போய்விட்டது.

ஆனால் கார்டில் இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி! பட்டத்துக்கான ஆட்டம்தான் கடைசியில் வர வேண்டும் என்பது வழக்கம். ஆகவே கிரிஸ் ஜெரிக்கோவும் டிரிபிள் ஹெச்சும் கடைசி. டிரிபிள் ஹெச் 2001 மே மாதம் தொடைத் தசை கிழிந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து திரும்பி வந்தவர். அவருடைய வாழ்க்கையின் பெரிய இரவு. வந்தார், ஜெயித்தார், பட்டத்தைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்திடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

அவர்களுக்காவது வாணவேடிக்கை இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டம் இருந்ததே, அதைச் சொல்லுங்கள் பார்க்கலாம். நான் எத்தனையோ ரசிகர்களைக் கேட்டிருக்கிறேன், பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. ஜாஸ், லீட்டா, டிரிஷ் ஸ்டிரேட்டஸ் என்று மூன்று பெண்கள். பெண்கள் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். டிரிஷ்ஷுக்குச் சொந்த ஊரே டொரான்டோ. சொந்த ஊரில், 68,000 பேர் முன்னால் ஆட வேண்டும் என்று எந்தக் கலைஞருக்கு ஆசை இருக்காது? ஆறு நிமிடம்போல ஆடினார்கள். ஜனங்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள், கழிப்பறைக்குப் போனார்கள், ராக் - ஹோகன் பற்றிப் பக்கத்துச் சீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அது ஏதோ ஒரு நாள் நடந்த விபத்து என்று எண்ண வேண்டாம். வருஷக்கணக்காக அங்கே பெண்களின் ஆட்டத்துக்கு அதுதான் இடம். கூட்டத்தை ஆற வைக்க ஒரு ஆட்டம் வேண்டும், அதற்குப் பெண்கள். நம் ஊர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் கூட்டம் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்கக்காரர் மேடையிலிருந்து அத்தனை முதுகையும் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார். அந்த நிலைமை.

டிரிபிள் ஹெச்சுக்கு இது இரண்டாம் முறையும் நடந்தது. 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன். அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் அரை மணி நேரம் ஆடிய ஆட்டத்தை ரெஸில்மேனியா வரலாற்றிலேயே சிறந்தது என்று சொல்பவர்கள் ஏராளம். அதற்குப் பின்னால் ஒரு ஆட்டம் விட்டு, கடைசியில் டிரிபிள் ஹெச்சும் ராண்டி ஆர்டனும். கதைப்படி ஆர்டன் இவருடைய மனைவியையே தாக்கியவன். பழி வாங்குகிற வெறியோடு ஆட வேண்டிய ஆட்டம். ஆனால் விதியை மீறினால் பட்டம் போய்விடும் என்று ஒரு நிபந்தனையை வேறு போட்டுக் கையைக் கட்டிவிட்டார்கள். கூட்டமோ ஏற்கெனவே காலி. பாவம், கல்லைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் 2010-இல் பாடம் படித்துக்கொண்டார்கள். அதே அண்டர்டேக்கர், அதே மைக்கேல்ஸ், மறு ஆட்டம். மைக்கேல்ஸ் தோற்றால் ஓய்வு. உலகப் பட்டத்துக்கான ஆட்டங்களை முன்னால் முடித்துவிட்டு இதைக் கடைசியில் வைத்தார்கள். மைக்கேல்ஸ் தோற்றார். அத்தோடு விடைபெற்றார், பிறகு 2018-இல் ஒரே ஒரு முறைதான் திரும்பி வந்து ஆடினார். அன்று ஜனங்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவு பெரிய உணர்ச்சிக்குப் பின்னால் எவனையும் நிறுத்தவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் சரி. பட்டம் பெரிதா, ஜனங்களின் மனசு பெரிதா என்றால் மனசுதான்.

ஆனால் அதே இரவில், இரண்டு பெரிய ஆட்டங்களுக்கு நடுவில் பத்துப் பெண்களை ஒரே ஆட்டத்தில் போட்டு சில நிமிடங்களில் முடித்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடத்தை மட்டும் அவர்கள் படிக்க நேரமாயிற்று. 2015 பிப்ரவரியில் நான்கு பெண்கள் ஆடிய ஒரு தொலைக்காட்சி ஆட்டம் முப்பது வினாடிதான் நடந்தது. முப்பது வினாடி! மேடைக்கு நடந்து வரவே அதைவிட அதிக நேரம் ஆகும். ரசிகர்கள் கொதித்துப்போய் நாள்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். அதன் பிறகுதான் காற்று மாறியது. 2016 அக்டோபரில் பாஸ்டனில் சாஷா பேங்க்ஸும் ஷார்லட்டும் ஒரு பெரிய காட்சியின் கடைசி ஆட்டத்தை ஆடினார்கள். அதற்கும் வெகு முன்பே, 2004 டிசம்பர் 6 அன்று, வாராந்திர ரா நிகழ்ச்சியின் கடைசி ஆட்டமாக ஒன்று நடந்திருந்தது. ஆடியவர்கள் யார் தெரியுமா? டொரான்டோவில் யாரும் கவனிக்காத அந்த மூவரில் இருவர்: லீட்டா, டிரிஷ்.

2019-இல் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டமே பெண்களுக்குக் கிடைத்தது. பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌசி, ஷார்லட். சரித்திரம்தான். ஆனால் வரிசை போட்டவர்கள் வேறு மாதிரி கோட்டை விட்டார்கள். முன்னோட்ட ஆட்டங்களையும் சேர்த்து மொத்தம் 16 ஆட்டங்கள். கானாவில் பிறந்த கோஃபி கிங்ஸ்டன் பதினோரு வருஷம் காத்திருந்து பட்டம் வாங்கியபோதே ஜனங்கள் உயிரைக் கொடுத்துக் கத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஆட்டம், ஆட்டம், ஆட்டம். பெண்கள் மேடைக்கு வந்து முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த கடைசி இடம், தூங்கி வழிகிற கூட்டத்தின் முன்னால். கடைசியில் வைப்பதே மரியாதை ஆகிவிடாது என்பதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். விருந்துக்குக் கூப்பிட்டு, எல்லாம் தீர்ந்த பிறகு தலைவாழை இலை போட்டால் எப்படி இருக்கும்?

2020-இல் பெருந்தொற்றினால் கூட்டமே இல்லாமல் நடத்தினார்கள். அன்றைக்கு வரிசையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை என்பதைக் கவனியுங்கள். களைத்துப்போக ஆள் இருந்தால்தானே! அந்த வருஷம் முதல் இரண்டு இரவுகளாகப் பிரித்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் இரண்டானது. 2021-இல் முதல் இரவின் கடைசி ஆட்டம் சாஷா பேங்க்ஸ், பியாங்கா பெலேர். கூட்டத்துக்கு அப்போது தெம்பு இருந்தது. பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1996. நான் மூன்றாம் ஆண்டு, நுண்கலை மன்றச் செயலாளர். கல்லூரி நாள் விழாவின் நிகழ்ச்சி நிரல் என் கையில். அப்போதெல்லாம் அதை சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுப்போம். அந்த மை வாசனையோடு எனக்கு இருந்த தலைக்கனம் இருக்கிறதே, அப்பப்பா! அன்றைக்கு வெளியிலிருந்து வந்த மெல்லிசைக் குழு, வேறு ஊரில் கல்யாண வரவேற்பு இருக்கிறது, எட்டு மணிக்குள் எங்களை விட்டுவிட வேண்டும் என்றார்கள். சரி என்று முன்னால் தள்ளினேன். கடைசி நிகழ்ச்சி எங்கள் வகுப்பு நாடகம். அதற்கு அரண்மனை செட் போட இருபது நிமிடம் வேண்டும். நடுவில் என்ன செய்வது? பட்டியலைப் பார்த்தேன். முதலாம் ஆண்டு மாணவி ஒருவர், வயலின். ஆகா, திரையை மூடிவிட்டு முன்னால் ஒரு ஜமுக்காளம், ஒரு மைக். உட்கார்ந்து வாசித்தால் போதும். பின்னால் நாம் வேலையைப் பார்க்கலாம். எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்துப்போய்விட்டது.

நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்; சிலர் அதில் பங்காளிகள். மெல்லிசை முடிந்தது. ஆடிக் களைத்த கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போயிற்று. மிச்சம் இருந்தவர்கள் விசிலடித்து இன்னொரு பாட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்து சுருதி சேர்த்தார். திரைக்குப் பின்னால் நாங்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். நானே அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் திரை ஆடியது. ஏழெட்டு நிமிடம் வாசித்தார். முதல் வரிசையில் அவருடைய அப்பாவும் அம்மாவும் வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முடித்து எழுந்து கும்பிட்டபோது கைதட்டியது அவர்கள் இரண்டு பேரும், தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரும். நான் திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தது செட் தயாராவதற்குள் அவர் முடித்துவிட்டாரே என்ற எரிச்சலில். நாடகம் பிரமாதமாகப் போனது. எனக்குக் கோப்பை கொடுத்தார்கள்.

அந்த மூன்று வருஷமும் அவர் கல்லூரி மேடையில் மறுபடி வயலின் வாசிக்கவில்லை. மேடை ஏறக் கூப்பிட்டவர்களிடம் எல்லாம் பரீட்சை இருக்கிறது, விரல் வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிடுவாராம். நான் படிப்பு முடித்துப் போய்விட்டேன். எனக்கு இது ஒன்றும் தெரியாது. 2009-ஆம் ஆண்டு ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, டிரிபிள் ஹெச் அந்த அமைதியான அரங்கத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாரே, அப்போதுதான் அந்த ஜமுக்காளம் ஞாபகம் வந்தது. என்னவோ போல் ஆகிவிட்டது. என் மனைவி, 'என்னங்க, நீங்க தோத்த மாதிரி உக்காந்திருக்கீங்க' என்றாள்.

டிரிபிள் ஹெச் கதையில் ஒரு பின்குறிப்பு. பால் லெவெக் என்பது அவருடைய சொந்தப் பெயர். 2022-இல் அந்த நிறுவனத்தின் கதைப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. பெரிய ஆட்டத்துக்குப் பின்னால் இரண்டு தடவை மாட்டிக்கொண்ட அதே மனிதர், கார்டு போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு பெரிய காட்சிகளில் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்தது. ஐந்து, ஆறு ஆட்டங்களோடு முடிகிற காட்சிகள் வந்தன. அவர் எதை நினைத்துச் செய்தார் என்று நான் எப்படிச் சொல்ல? எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த வயலின் மாணவி இன்றைக்கு நம் சங்கத்தின் விழாக்குழுவில் இருக்கிறார். நிகழ்ச்சி நிரல் போட்டது அவர்தான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

'அண்ணா, இந்த வருஷம் நீங்க பேசணும்.'

'பேசறேம்மா. எப்போ?'

'மெல்லிசை முடிஞ்சதும், சாப்பாட்டுக்கு முன்னாடி. இருபது நிமிஷம்.'

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. 'அந்த இடமாம்மா?' என்றேன்.

'ஆமாண்ணா, அதே இடந்தான்' என்றார். சிரிக்கவும் செய்தார். நான் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வருஷம் தாமதமாக ஒரு மன்னிப்புக் கேட்டேன். 'ஆணி அடிச்சது நீங்கதான்னு அப்பவே தெரியும்' என்றார். இப்போதும் வாசிக்கிறீர்களா என்று கேட்டேன். வீட்டில் வாசிப்பதுண்டாம். மேடைக்கு வர வேண்டும் என்று நான் கேட்க, முடியாது என்று அவர் சொல்ல, இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: எந்த இடத்தில் வாசிப்பது என்பதை அவரேதான் முடிவு செய்வார்.

முடிவு செய்துவிட்டார். மாலை நான்கு மணி. தேநீர் குடித்து எல்லோரும் தெளிவாக வந்து உட்கார்ந்த பிறகு, முதல் நிகழ்ச்சி. அரை மணி நேரம். அதற்குப் பின்னால் பதினைந்து நிமிடம் மேடையில் ஒன்றும் கிடையாது, வேண்டுமானால் பேசிக்கொண்டிருங்கள். அதற்கும் பிறகுதான் மாணவர்களின் நாடகம். செட் போடுகிற தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன்: மூன்றே முக்காலுக்குச் சுத்தியலை என்னிடம் கொடுத்துவிடுங்கள். திரைக்குப் பின்னால் நான் காவலுக்கு நிற்கிறேன்.

என்னுடைய இருபது நிமிடம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு வரிசை எப்போதோ பந்திக்குப் போய்விட்டது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மிச்சம் இருக்கிறவர்களும் போகலாம், ரசம் ஆறிவிடும்.